முள் ஓரிடத்தில், பாட்டு வேறிடத்தில்



சென்ற இதழில் தண்ணீர்ப் பம்பு மோட்டாரைப் பற்றி எழுதியதற்குப் பல கடிதங்கள் வந்தன. அவற்றோடு, மோட்டாருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கடிதமும் வந்திருந்தது. பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் 1962-ஆம் ஆண்டு வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று அவர்கள் வீட்டில் இருக்கிறதாம். இன்றும் விளக்கு எரிகிறது, சத்தமும் வருகிறது. ஆனால் மூன்று குறைகள். இரவு நேரத்தில் மத்திய அலையில் எட்டுகிற வெளிநாட்டு நிலையங்கள் டயலில் எழுதியுள்ள எண்ணில் வராமல் தள்ளி வருகின்றன. முள்ளை 700-க்குக் கீழே கொண்டு போனால் ஒரு நிலையமும் இல்லை, வெறும் இரைச்சல்தான். சிற்றலையில் ஏதாவது ஒன்றைப் பிடித்தால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை திருகிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்கிப் போட்டு, புளூடூத் பலகை வைத்துத் தருகிறேன், 250 வெள்ளி" என்றாராம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அப்பா வைத்த பெட்டி அப்படியே பாட வேண்டும்" என்கிறார். அடுத்த மாதம் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அடுக்குமாடிக்குப் போகிறார்கள். அதற்குள் என்ன செய்வது என்று வாத்தியார் சொல்ல வேண்டுமாம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பிடுங்கக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறையும் பெரும்பாலும் ஒரே மூலையைச் சேர்ந்தவை. அந்த மூலைக்கு ஆசிலேட்டர் என்று பெயர். மற்ற பகுதிகள் நன்றாக வேலை செய்வதால்தான் இரைச்சலாவது கேட்கிறது.

ஆசிலேட்டர் என்ன செய்கிறது? உங்கள் வீட்டு ஏரியலில் ஒரே சமயத்தில் பல நிலையங்களின் அலைகள் வந்து விழுகின்றன. மத்திய அலையில் மட்டும் ஏறக்குறைய 525 முதல் 1605 கிலோஹெர்ட்ஸ் வரை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொறுக்கிப் பெருக்கித் தருவதற்குப் பெட்டிக்குள் எத்தனையோ சுருள்களைச் சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கும். இந்தத் தொல்லையைத் தீர்க்க 1918-ஆம் ஆண்டில், முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த எட்வின் ஆர்ம்ஸ்டிராங் என்பவர் ஒரு வழி கண்டார். எந்த நிலையம் வந்தாலும் அதை ஒரே அலைவரிசைக்கு மாற்றிவிடுவது. பிறகு அந்த ஒன்றுக்கு மட்டும் நன்றாகச் செய்த வாசல் வழியாக உள்ளே விடுவது. அந்த வாசலின் அளவு பெரும்பாலான பெட்டிகளில் 455 கிலோஹெர்ட்ஸ். 452, 465, 470 என்று உள்ள பெட்டிகளும் உண்டு. பின்புற அட்டையிலோ சர்க்கியூட் படத்திலோ எழுதியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கணக்கைச் சுலபமாக்க 455 என்றே வைத்துக்கொள்வோம்.

மாற்றும் வேலை எப்படி நடக்கிறது? பெட்டி தானே ஒரு சின்ன அலையை உண்டாக்குகிறது. அதுதான் ஆசிலேட்டர். நிலையம் 600 என்றால் இது 1055-இல் ஆடும். இரண்டும் வால்வுக்குள் கலக்கும்போது அவற்றின் வித்தியாசமான 455 பிறக்கும். நிலையம் 1000 என்றால் இது 1455. நீங்கள் குமிழைத் திருகும்போது உண்மையில் திருப்புவது பெரும்பாலும் இந்த ஆசிலேட்டரைத்தான். எந்த நிலையம் கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுவே. ஏரியல் பக்கத்துச் சுருள் கூடவே திரும்பி உதவி செய்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் ஊஞ்சலைக் காட்டிச் சொல்வது வழக்கம். கயிறு நீளமானால் மெதுவாக ஆடும், குட்டையானால் வேகமாக ஆடும். ரேடியோவில் கயிற்றின் இடத்தில் இருப்பவை ஒரு சுருளும் ஒரு கண்டென்சரும். ஊஞ்சல் நிற்காமல் இருக்க ஒவ்வொரு முறையும் ஒரு கை தள்ளிவிட வேண்டும் அல்லவா? அந்தக் கைதான் வால்வு. ஆகவே ஆசிலேட்டரில் கோளாறு என்றால் இரண்டே வகை. கயிற்றின் நீளம் மாறிப்போயிருக்க வேண்டும், அல்லது தள்ளும் கை சோர்ந்திருக்க வேண்டும். அன்பர் எழுதிய முதல் குறையும் மூன்றாவது குறையும் கயிற்றைச் சேர்ந்தவை. 700-க்குக் கீழே ஊமையாவது கையைச் சேர்ந்தது.

இனி சோதனைக்கு வருவோம். பெட்டியைத் திறக்காமலே செய்யக்கூடியது. மத்திய அலை உள்ள இன்னொரு சிறிய ரேடியோ போதும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாலும் சரி. எண் காட்டும் டிஜிட்டல் ரேடியோ கிடைத்தால் இந்த முதல் சோதனைக்கு மிகவும் நல்லது. நம் நாட்டு டிஜிட்டல் ரேடியோக்கள் மத்திய அலையில் 9 கிலோஹெர்ட்ஸ் படிகளாகப் போகும். ஆகவே 1055 என்று வைக்க முடியாது, 1053 என்று வைக்கலாம். அதைப் பழைய பெட்டியின் பக்கத்தில், ஒரு முழ தூரத்துக்குள் வையுங்கள். அந்த எண்ணில் நிலையம் எதுவும் இல்லாத பகல் வேளை நல்லது. சின்ன ரேடியோ 'உஸ்' என்று இரைந்துகொண்டிருக்கும். இப்போது பழைய பெட்டியின் முள்ளை 600 பக்கம் மெல்ல மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் சின்ன ரேடியோவின் இரைச்சல் திடீரென்று அடங்கி அமைதியாகும். நிலையம் ஏதாவது இருந்தால் விசில் அடிக்கும். பழைய பெட்டியின் ஆசிலேட்டர் அலை அதன் காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 1053-இல் 455 போனால் 598. முள் 598-க்குப் பக்கத்தில் நின்றால் ஆசிலேட்டர் சரி. 640-இல் நிற்கிறது என்று வையுங்கள். முள் 640 என்று சொல்லும்போது ஆசிலேட்டர் 1095-இல் ஆட வேண்டும், ஆடுவதோ 1053-இல். 42 கிலோஹெர்ட்ஸ் தாழ்ந்துவிட்டது. கயிறு நீண்டுவிட்டது.

இப்படியே சின்ன ரேடியோவை 1305-இல் வைத்தால் பழைய பெட்டியின் முள் 850-இலும், 1602-இல் வைத்தால் 1147-இலும் நிற்க வேண்டும். மூன்று இடத்திலும் கிடைத்ததை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் பிறகு மிகவும் உதவும்.

டயலின் மேல் கோடிக்கு இந்த வழி எட்டாது. முள் 1400-இல் இருக்கும்போது ஆசிலேட்டர் 1855-க்குப் போய்விடும், சின்ன ரேடியோவின் எல்லையைத் தாண்டிவிடும். அங்கே சோதனையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முள் வைத்த பழைய மாதிரி டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றை 945-இல் வையுங்கள். அதற்குள்ளும் ஓர் ஆசிலேட்டர் இருக்கிறது, அது 1400-இல் ஆடும். இப்போது கேட்பது பழைய பெட்டி. அதன் முள்ளை 1400 பக்கம் நகர்த்தும்போது எங்கே இரைச்சல் அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். புதிய டிஜிட்டல் ரேடியோக்கள் சில வேறு முறையில் இயங்குவதால் இதற்கு ஒத்துவரமாட்டா.

முள் எந்தப் பக்கம் போனாலும் சின்ன ரேடியோவில் ஒரு மாற்றமும் இல்லையென்றால்? அந்த இடத்தில் ஆசிலேட்டர் ஆடவே இல்லை என்று சந்தேகிக்கலாம். அன்பரின் பெட்டியில் 700-க்கு மேலே அமைதி கிடைத்து, கீழே போனதும் காணாமல் போகும் என்றே நான் எதிர்பார்க்கிறேன். உறுதிசெய்ய ஒரு வேடிக்கையான வழி உண்டு. இரவில், 600 பக்கம் ஏதாவது நிலையத்தை டிரான்சிஸ்டர் ரேடியோவில் பிடித்து, அதை ஊமைப் பெட்டியின் முதுகோடு ஒட்டி வைத்து, சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். ஊமைப் பெட்டியின் முள்ளும் அதே இடத்தில் இருக்கட்டும். டிரான்சிஸ்டரின் ஆசிலேட்டர் அலை பெரிய பெட்டிக்குள் கசிந்து, அதன் ஆசிலேட்டர் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்யும். பெரிய பெட்டி பாடத் தொடங்கினால், மற்ற எல்லா வால்வும் நல்ல நிலையில் இருக்கின்றன, ஆசிலேட்டர் ஒன்றுதான் படுத்துவிட்டது என்று அறியலாம். பாடாவிட்டால் கவலை வேண்டாம், கசிவு போதாமலும் இருக்கலாம்.

காரணங்களைப் பார்ப்போம்.

முள் எல்லா இடத்திலும் ஒரே தூரம், ஒரு விரலோ அரை விரலோ, தள்ளி நின்றால் ஆசிலேட்டரைக் குறை சொல்லாதீர்கள். முள்ளை இழுக்கும் நூல் வழுக்கியிருக்கும். குமிழை எண் குறைந்த பக்கம் கடைசி வரை திருகினால் உள்ளே கண்டென்சர் தகடுகள் முழுக்க ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கும். அப்போது முள் டயலின் கடைசிக் கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முள்ளை நூலில் நகர்த்தி வைத்தால் போதும். இந்த ஒரு விஷயத்துக்காகக் காசைக் கொட்டியவர்கள் உண்டு.

இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் குறையே அல்ல. நம் பகுதி நாடுகளில் 1978-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி மத்திய அலை நிலையங்களின் இடைவெளியை 9 கிலோஹெர்ட்ஸ் என்று ஒழுங்குபடுத்தினார்கள். பல நிலையங்கள் அன்று சற்று நகர்ந்தன. 1962-இல் அச்சிட்ட டயலுக்கு அது எப்படித் தெரியும்?

கீழ்க் கோடியில் மட்டும் பிசகு அதிகம் என்றால் ஆசிலேட்டர் சுருளின் நடுவில் உள்ள திருகு, அல்லது 'பேடர்' என்ற கண்டென்சர் காரணம். மேல் கோடியில் மட்டும் பிசகு என்றால் 'டிரிம்மர்' என்ற சின்னக் கண்டென்சர். சரிசெய்பவர் கீழே சுருளையும் மேலே டிரிம்மரையும் மாற்றி மாற்றி, ஒன்று மற்றொன்றைக் கெடுப்பது நிற்கும் வரை, மூன்று நான்கு முறை திருப்புவார். எங்கும் ஒரே அளவு கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருந்தால், யாரோ புண்ணியவான் 'தளர்ந்திருக்கிறதே' என்று 455 வாசலில் உள்ள திருகுகளை இறுக்கிவிட்டார் என்று பொருள். ரேடியோவுக்குள் உள்ள திருகுகள் எல்லாம் இறுக்குவதற்காக வைத்தவை அல்ல. வீட்டில் உள்ள பையன்களுக்கு இதை முதலில் சொல்லி வையுங்கள்.

இவை தாமாக ஏன் மாறுகின்றன? நம் ஊர்க் காற்று ஒரு காரணம். வருஷம் முழுக்க ஈரம். சுருளின் மேல் பூசிய மெழுகைக் கரப்பான் பூச்சி சுரண்டித் தின்றுவிடும். வெறும் சுருள் ஈரத்தை உறிஞ்சும், அதன் சக்தி குறையும், ஊஞ்சல் தளரும். காகிதக் கண்டென்சர்களில் மின்சாரம் கசியும். தகடுகளுக்கிடையில் தூசியும் ஒட்டடையும் சேரும். மெல்லிய தூரிகையால் துடைக்கலாம், ஆனால் ஓரத் தகட்டில் வெட்டு வெட்டாக இருப்பதை வளைந்திருக்கிறதென்று நிமிர்த்தக் கூடாது. தொழிற்சாலையில் வேண்டுமென்றே வளைத்தவை அவை.

700-க்குக் கீழே ஊமையாவதற்கு வருவோம். ஊஞ்சலைக் கீழ்க் கோடியில் ஆட்டுவதற்கு வால்வு அதிகம் பாடுபட வேண்டியிருக்கிறது. வயதான வால்வு மேலே தாக்குப்பிடிக்கும், கீழே கைவிட்டுவிடும். ஐரோப்பியப் பெட்டிகளில் பெரும்பாலும் இ.சி.எச். 42, இ.சி.எச். 81 என்ற எண் கொண்ட வால்வுதான் இந்த வேலை செய்வது. எண் அதன் கண்ணாடியிலேயே எழுதியிருக்கும். அதே எண்ணில் இன்னொன்று போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. அது தீர்க்காவிட்டால் அந்த வால்வுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ரெசிஸ்டரை அளந்து பார்க்க வேண்டும். வயதில் அவை எண் ஏறிப்போய், வால்வைப் பட்டினி போடும்.

மின்சாரம் வராத காலத்தில் தோட்டங்களில் பேட்டரிப் பெட்டி வைத்திருந்த பெரியவர்களுக்கு இது புதிதல்ல. 90 வோல்ட்டில் ஒரு பெரிய பேட்டரி, ஒன்றரை வோல்ட்டில் ஒன்று. பேட்டரி இறங்க இறங்க முதலில் கைவிடுவது ஆசிலேட்டர் வால்வுதான். பெட்டி உயிரோடு இரைந்துகொண்டிருக்கும், நிலையம் மட்டும் போய்விடும். அதைத்தான் வெயிலில் வைத்து எடுத்து இன்னும் ஓரிரவு ஓட்டினார்கள். அப்படிப்பட்ட பெட்டி யாரிடமாவது இருந்தால், ஒன்பது வோல்ட் பேட்டரி பத்தை வரிசையாகக் கோத்தால் 90 வோல்ட் கிடைக்கும். ஆனால் 90 வோல்ட்டை ஒன்றரை வோல்ட் கம்பியில் தவறிக் கொடுத்தால் வால்வு அனைத்தும் ஒரே நொடியில் போய்விடும்.

சிற்றலை நழுவுவது சூட்டினால். பெட்டி சூடேறும்போது சுருளும் கண்டென்சரும் கொஞ்சம் விரிகின்றன, அலை கொஞ்சம் தாழ்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு தாழ்ந்தது என்று வையுங்கள். ஆசிலேட்டர் 1000 கிலோஹெர்ட்ஸில் ஆடினால் நழுவல் ஒரே ஒரு கிலோஹெர்ட்ஸ், காதுக்குத் தெரியாது. சிற்றலையில் 10,000 கிலோஹெர்ட்ஸில் ஆடும்போது அதே பங்கு 10 கிலோஹெர்ட்ஸ் ஆகிறது. அடுத்த நிலையமே வந்து குந்திக்கொள்ளும்! அந்த நாளில் இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டவர்கள் குமிழை விட்டுக் கையை எடுக்காதது இதனால்தான். சூடேறி அரை மணி ஆன பிறகு நின்றுவிட்டால் அது பெட்டியின் இயல்பு. ரேடியோவை அரை மணி முன்னதாகப் போட்டு வையுங்கள். ஒரு மணிக்கு மேலும் நழுவிக்கொண்டே இருந்தால், அல்லது குதித்துக் குதித்து நழுவினால், கெட்ட கண்டென்சர் ஒன்று இருக்கிறது. பின்புறக் காற்றுத் துளைகளைச் சுவரோடு ஒட்டி மூடிவைத்தாலும் இப்படி ஆகும்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மேலே சொன்ன சோதனைகளை வீட்டில் செய்யுங்கள். பின் அட்டையைக் கழற்றி, மின்சாரம் ஓடும்போது திருகு திருப்புவதை வீட்டில் செய்யாதீர்கள். உள்ளே 250 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். இன்னும் மோசம், 'ஏசி டிசி' என்று எழுதிய பெட்டிகள். அவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. இரும்புச் சட்டமே நேராக மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டால் கூட உயிருக்கு ஆபத்து. வால்வு வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அவர் இரும்புத் திருப்புளி இல்லாமல் பிளாஸ்டிக் அல்லது சீவிய மூங்கில் குச்சியால் திருப்பினால் ஆள் விஷயம் தெரிந்தவர். இரும்பு பக்கத்தில் வந்தாலே அலை மாறிவிடும், எடுத்ததும் மறுபடி மாறும். நீங்கள் குறித்து வைத்த தாளையும் அவரிடம் கொடுங்கள். எந்தக் கோடியில் எவ்வளவு பிசகு என்று கையில் இருந்தால் அவருக்கு வேலை பாதி.

வேலை கொடுக்கும் முன் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. ரேடியோ மலாயா 1946-இல் தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பெட்டிகள் மத்திய அலைக்கும் சிற்றலைக்குமே செய்யப்பட்டவை. இன்று நம் தமிழ் நிகழ்ச்சி மின்னல் எஃப்.எம்.மில் வருகிறது, ஜொகூர் பக்கத்தில் சிங்கப்பூர் ஒலி 96.8-உம் கேட்கும். இரண்டும் எஃப்.எம். ஆசிலேட்டரை எவ்வளவு நன்றாகச் சீர்செய்தாலும் அந்தப் பெட்டி அவற்றைப் பிடிக்காது. பழுது பார்த்த பிறகு கேட்கப்போவது இரவு நேரத்துத் தூர தேசத்து நிலையங்களைத்தான்.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது, பெட்டியைப் பிடுங்காமலே. பின்புறத்தில் இசைத்தட்டு படம் போட்ட இரண்டு துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல பெட்டிகளில் உண்டு. அன்று கிராமபோன் தட்டைச் சேர்த்துக் கேட்பதற்கு வைத்தது. சிறிய எஃப்.எம். ரேடியோவையோ கைப்பேசியையோ அதில் இணைத்தால் மின்னலின் பாட்டு அப்பாவின் ஒலிபெருக்கியிலேயே வரும். டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டி என்று வேலைக்காரர் உறுதி சொன்னால் மட்டுமே இணைக்க வேண்டும். ஏசி டிசி பெட்டியாக இருந்தால் அந்தத் துளையிலும் மின்சாரம் இருக்கலாம். கைப்பேசியைக் காதில் வைத்தவர் கதி என்ன?

வீடு மாறும்போது பெட்டியை லாரியில் படுக்க வைக்காதீர்கள். வால்வுகளைக் கழற்றினால் எந்த எண் எந்தக் குழியில் இருந்தது என்று எழுதி வைத்து, துணியில் சுற்றித் தனியாக எடுத்துச் செல்லுங்கள். அடுக்குமாடியில் ஏரியலுக்குக் கம்பி கட்ட இடமில்லையே என்று கேட்பீர்கள். சன்னல் ஓரமாகப் பத்தடி கம்பி தொங்கவிட்டாலே இரவில் போதுமானது. ஏசி டிசி பெட்டியானால் அந்தக் கம்பியையும் வேலைக்காரரைக் கேட்ட பிறகே சேருங்கள். சோதனைத் தாளில் என்ன எண்கள் கிடைத்தன என்று எனக்கும் எழுதுங்கள்; குறிப்பாக 1053-க்கு முள் எங்கே நின்றது என்று.

அடுத்த இதழில், கெடாவிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கும் தையல் மிஷின் நூல் அறும் விஷயத்தைப் பார்ப்போம்.